பாதசாரிக்கு நீதி வந்த வழி

திருவாரூர்த் தெருவில் தேர்க்காலில் அகப்பட்டு மடிந்த கன்றின் கதையை அறியாத தமிழர் இலர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் வெளியே வந்து செய்தி அறிந்தான். தேரைச் செலுத்தியவன் தன் மகனே என்று தெரிந்தும் தயங்காமல், அவன்மேல் தன் தேரைச் செலுத்தினான். சேக்கிழார் பாடிய அந்த மனுநீதிச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் உண்டு. சாலை விபத்தைப் பற்றித் தமிழ்நாடு போற்றிவரும் பழங்கதை இதுவே எனலாம்.

அக்கதையின் முடிவில் இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பித்தான் என்பது புராணம். மனிதர் நடத்தும் நீதிமன்றத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. குற்றம் செய்தவனைத் தண்டிக்கலாம். ஆனால் தண்டனையால் இறந்தவரின் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, தண்டனை ஒருபுறமிருக்க, இழந்தவர்களுக்கு ஈடு செய்யவேண்டும் என்னும் எண்ணம் தோன்றியது. இன்று நட்டஈடு என்றும் இழப்பீடு என்றும் நாம் வழங்கும் அந்த உரிமை பாதசாரியை வந்தடைய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டை ஆண்ட ஆங்கிலேயரின் சட்டத்தைப் பார்க்கவேண்டும். அவர்களுடைய பழைய வழக்காற்றில் விந்தையான விதி ஒன்று இருந்தது. ஒருவன் கவனக்குறைவால் மற்றொருவனின் காலை முறித்தால், முறிபட்டவன் வழக்குத் தொடுத்து ஈடு பெறலாம். ஆனால் அடிபட்டவன் இறந்துவிட்டாலோ, அவனோடு அவன் வழக்கும் இறந்துவிடும். மனைவி மக்களுக்கு ஒன்றும் இல்லை. காயத்தைவிடக் கொலை மலிவாக இருந்த காலம் அது. இரயில் வண்டிகள் பெருகி விபத்துகளும் பெருகியபோதுதான் இந்த அநீதி ஊரார் கண்ணை உறுத்திற்று. 1846இல் இங்கிலாந்தில் கேம்பல் பிரபு பெயரால் வழங்கும் சட்டம் பிறந்தது. அதைப் பின்பற்றி 1855இல் இந்தியாவிலும் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. பிறர் தவற்றால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் ஈடு கேட்கலாம் என்று அது கூறிற்று. அப்போது நம் நாட்டில் மோட்டார் வண்டியே கிடையாது. இருப்பினும் பின்னர் வந்த அனைத்துக்கும் அஸ்திவாரம் அதுவே.

மோட்டார் வந்தது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இலண்டன் நகரின் கிறிஸ்டல் பாலஸ் மைதானத்தில், பிரிட்ஜட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி நடந்து செல்கையில் மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் வண்டியால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர்தாம். அது தற்செயலான மரணம் என்றே முடிவு கூறப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி வாழ்த்தினார். அந்த வாழ்த்து எவ்வளவு பலித்தது என்பதற்கு நம் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

இந்தியாவில் 1914இல் வந்த மோட்டார் வண்டிச் சட்டம் வண்டியைப் பதிவு செய்வதையும், ஓட்டுநர் உரிமம் பெறுவதையும் பற்றிப் பேசிற்று. காப்பீட்டைப் பற்றிப் பேசவில்லை. அதனால் நேர்ந்தது யாது? ஏழை ஒருவனை வண்டி மோதியது என்று வைத்துக்கொள்வோம். அவன் மனைவி உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடி வெற்றியும் பெற்றாள். தீர்ப்பு கையில் இருக்கிறது. வண்டிக்காரனிடமோ பணம் இல்லை. வண்டி பழையது, வீடு வாடகை வீடு. தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

இதற்கு உலகம் கண்ட மருந்து கட்டாயக் காப்பீடு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இலும், இங்கிலாந்து 1930ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதைக் கொண்டுவந்தன. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அதற்கென வகுக்கப்பட்டது. சட்டம் 1939இல் எழுதப்பட்டாலும் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை முதல் நாளன்றுதான். காப்பீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் இருவர்: ஒருவர் வண்டிக்காரர், மற்றவர் கம்பெனி. இந்த இருவருக்கும் புறம்பான மூன்றாம் நபர் சாலையில் நடந்து செல்பவர். அவர் ஒரு காசும் கட்டவில்லை. பாலிசியைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஆயினும் அந்த ஒப்பந்தம் அவரைக் காப்பதற்காகவே கட்டாயமாக்கப்பட்டது. வண்டிக்காரர்மேல் தீர்ப்பு வந்தால், தானே கடன்பட்டதுபோலக் கம்பெனி அதைச் செலுத்தவேண்டும் என்றது சட்டம். மூன்றாம் நபர் காப்பீடு என்று இன்றும் நாம் சொல்வது இதனையே.

அடுத்த தடை நீதிமன்றமே. உரிமையியல் வழக்கின் செலவும் காலமும் ஏழைக்குக் கட்டுப்படியாகா. 1956இல் சட்டம் திருத்தப்பட்டு, 1957 பிப்ரவரி 16 முதல், மோட்டார் விபத்துக்கென்றே தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழி பிறந்தது. தொடக்கத்தில் விபத்து நடந்த 60 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்றிருந்தது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆறு மாதமாக்கிற்று. 1973 ஜனவரி முதல் நாளில் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. அப்போது அமைந்த நான்கு கம்பெனிகளுள் ஒன்றுக்குச் சென்னையே தலைமையிடம்.

இவ்வளவு வந்தும் பெருந்தடை ஒன்று எஞ்சி நின்றது. ஓட்டுநர்மேல் தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அடிபட்டவருடையது. இறந்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்ல இயலுமா? தமிழ்நாட்டில் எழுந்து உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. இரவு நேரத்தில் பேருந்து ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் எட்டுப் பேர் அங்கேயே இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுதலை செய்துவிட்டது. ஆகவே இழப்பீடும் கிடையாது என்று பேருந்து முதலாளி தரப்பில் வாதிட்டனர். 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. ஒருவரைத் தண்டிக்கத் தேவையான சான்று வேறு; பாதிக்கப்பட்டவருக்கு ஈடு வழங்கத் தேவையான சான்று வேறு. அங்குமிங்கும் சிறு ஐயம் இருப்பதைக் காட்டி வண்டிக்காரர் தப்பிவிடாதபடி தீர்ப்பாயங்கள் விழிப்பாக இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மேலும், தவறு யாருடையது என்று பாராமலே ஈடு வழங்கும் முறை நம் நாட்டுக்கு வேண்டும் என்றும் எடுத்துரைத்தார்.

அதன் பயன் 1982இல் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு, தவற்றை மெய்ப்பிக்காமலே, இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் பெறலாம் என்றாயிற்று. இன்னொரு கொடுமைக்கும் அப்போதுதான் மருந்து கிட்டியது. மோதிவிட்டு நிற்காமல் ஓடிவிடும் வண்டியை என்ன செய்வது? எண் தெரியாது, உரிமையாளர் தெரியாது, கம்பெனியும் தெரியாது. இதைக் குறித்துச் சட்ட ஆணையம் 1972இலேயே தன் 51ஆம் அறிக்கையை எழுதியிருந்தது. 1982இல் அதற்கென நிதி ஒன்று ஏற்பட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 ரூபாயும் கொடுங்காயத்துக்கு 1,000 ரூபாயும் வழங்கப்பட்டன. தொகை சிறிது. ஆனால் குற்றவாளி அகப்படாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரைச் சமுதாயம் கைவிடலாகாது என்ற கொள்கை பெரிது.

பாதசாரியின் நிலையை நேராகவே எடுத்துப் பேசிய தீர்ப்பு 1987இல் வந்தது. குஜராத் மாநிலப் பேருந்தால் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வழக்குத் தொடுத்தவர் அவனுடைய சகோதரர். 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறவுப் பட்டியலில் சகோதரருக்கு இடமில்லை. நீதிபதி இ. எஸ். வெங்கடராமையா, இந்தியக் குடும்பத்தில் அண்ணன் தம்பியரும் ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்வதை எண்ணி, சகோதரருக்கும் உரிமை உண்டென்றார். அத்தோடு நில்லாமல், வேகமும் நெரிசலும் மிகுந்த இக்காலத்தில், தன்மேல் தவறில்லாத பாதசாரி அடிபட்டால், ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஈடு கிடைப்பதே சமூக நீதி என்றும் கருத்துரைத்தார்.

இன்று நடப்பிலுள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பெற்று 1989 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்தது. மோதிவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவருக்கான தொகை அதில் 8,500 ரூபாயாகவும், 1994இல் 25,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பிறகு 27 ஆண்டுகள் அசையவே இல்லை. விலைவாசி ஏறியது, மனித உயிரின் அந்த விலை மட்டும் ஏறவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அது இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆயிற்று. வண்டி இன்னதென்று தெரிந்திருந்தால், தவற்றை மெய்ப்பிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். தவற்றை மெய்ப்பித்து முழு ஈடு கேட்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

முழு ஈடு என்பது எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்னை விடுவதாயில்லை. உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி ஒரு கணக்குப் போடுவோம். 38 வயதான தையற்காரர், சொந்தக் கடை, மாத வருமானம் 12,000 ரூபாய். மனைவியும் இரு குழந்தைகளும் உண்டு. சாலையோரம் நடந்து செல்கையில் வண்டி மோதி இறந்தார். வருங்கால உயர்வுக்காக வருமானத்தோடு நூற்றுக்கு 40 கூட்டவேண்டும்: 16,800. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கவேண்டும்: 11,200. ஆண்டுக்கு 1,34,400. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக 20,16,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்தமை முதலியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல்.

வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வருமானம் ஏது என்று கேட்பவர் உண்டு. சமைப்பதும், பிள்ளைகளை வளர்ப்பதும், முதியோரைப் பேணுவதும் வேலையே; அதற்கும் மதிப்பிட்டு வருமானம் வகுக்கவேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்தது.

நேயர்களே, மேற்சொன்ன கணக்கை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதே தையற்காரர், அதே மரணம், அதே குடும்பம். வண்டி அடையாளம் தெரிந்தால் அந்தக் குடும்பம் 20 லட்சத்துக்கு மேல் கேட்கலாம். அடையாளம் தெரியாமல் போனால் 2 லட்சம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வண்டியின் எண் பலகை ஒன்றுதான். அந்த எண்ணை யார் பார்த்திருப்பார்? அடிபட்டவர் பார்த்திருக்க மாட்டார். எதிர்க் கடைக்காரரோ, பேருந்துக்குக் காத்திருந்தவரோ, பின்னால் வந்த சைக்கிள்காரரோ பார்த்திருப்பார். எந்தச் சட்டசபையும் எந்த நீதிமன்றமும் தரமுடியாத உதவியைக் கண்டதைச் சொல்லும் அந்த ஒருவர் தருகிறார்.

சாட்சி சொல்லப் போனால் போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டுமே என்று அஞ்சி ஒதுங்குவது நம்மவர் இயல்பு. அந்த அச்சத்துக்கு இப்போது காரணம் குறைவு. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்ற நெறிமுறைகளை 2016 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடெங்கும் கட்டாயமாக்கிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாதுகாப்பைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

இந்த வரலாற்றின் அண்மைப் பக்கங்களில் தமிழ்நாட்டவர் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவ அறிஞர் எஸ். இராஜசேகரன் அவர்கள், சாலையில் சிதைந்த உடல்களுக்கு மருத்துவம் செய்வதோடு அமையாமல், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தொடுத்தார். 2014இல் சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது அம்மனுவின் பயன். காப்பீடு இல்லாமல் ஓடும் வண்டிகளைக் குறைக்கும் பொருட்டு, 2018 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, புதுக் காருக்கு மூன்று ஆண்டும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருசேர எடுக்கவேண்டும் என்ற ஆணையும் அவ்வழக்கில்தான் பிறந்தது.

அதே வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மற்றொரு வேதனையைச் சுட்டிக்காட்டிற்று. 2022இல் மட்டும், மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் நேர்ந்த விபத்துகள் 67,387. ஆனால் அதற்கான ஈட்டைக் கேட்டு விண்ணப்பித்தவர் மிகமிகச் சிலரே. பணம் இருக்கிறது, விதி இருக்கிறது, கேட்க வருவார் இல்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதே குடும்பங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே, ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க இயலாவிடில், இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டோருக்குப் போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. திருவாரூர்ப் பசுவுக்கு மணி தொங்கும் இடம் தெரிந்திருந்தது. நம் காலத்தில் மணிகள் பல தொங்குகின்றன; கயிறு எங்கே என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

நான் வாழும் இராஜகீழ்ப்பாக்கம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் நெடுஞ்சாலையின்மேல் உள்ளது. ஏரியும் வயலுமாய் இருந்த சேலையூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் வீடுகளாய் நிறைந்து, 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் தோன்றிவிட்டது. வண்டிகள் பெருகின. எனினும் பள்ளிப் பிள்ளையும், கறிகாய் வாங்கப் போகும் பாட்டியும், வேலை முடிந்து திரும்பும் கட்டடத் தொழிலாளியும் அதே சாலையைக் கால்நடையாகவே கடக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊரையே எடுத்துக்காட்டாக வைத்துச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உயிர். தமிழக அரசு 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டப்படி, விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் சரி. அடுத்தது, போலீசில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்வது. மருத்துவமனைச் சீட்டுகளையும் மருந்து ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கவேண்டும். வண்டி தெரிந்திருந்தால், விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ, நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ மனுச் செய்யலாம். வண்டி தெரியாவிடில், விபத்து நடந்த வட்டத்தின் வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கவேண்டும். எங்கள் ஊருக்கு அது தாம்பரம் வட்டம். 1994இல் நீக்கப்பட்ட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் தீர்ப்பாய மனுக்களுக்கு மீண்டும் புகுந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன. என்றாலும் கெடுவுக்குள் மனுச் செய்துவிடுவதே அறிவுடைமை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகளுக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசமாக உதவும்.

தடையில்லாத நடைபாதை குடிமக்களின் வாழ்வுரிமையில் அடங்கியது என்று அதே இராஜசேகரன் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நடைபாதை நன்கு அமைந்தால் இழப்பீட்டுக்கே வேலை குறையும். அதுவே யாவரும் விரும்பத்தக்கது. அந்நாள் வரும்வரை, இங்கே சொன்னவற்றை ஒவ்வொருவரும் தம் தெருவில் இன்னும் ஒருவருக்கேனும் எடுத்துச் சொல்லுங்கள். சாலையில் யாரேனும் அடிபட்டு விழுந்தால், அவரைத் தூக்கும் கைகள் பல வரும். அவர்களுள் ஒருவர் மட்டும் தலைநிமிர்ந்து, ஓடும் வண்டியின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.